மிதப்பதும் வெப்பம் காப்பதும்

1983ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அதிகாலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கரைக்கு அப்பால், ‘மரீன் எலக்ட்ரிக்’ என்னும் நிலக்கரிக் கப்பல் புயலில் சிக்கிக் கவிழ்ந்தது. கப்பலைக் கைவிட்டு வெளியேற மாலுமிகள் முனைந்துகொண்டிருந்த வேளையிலேயே அது சாய்ந்துவிட்டது. கப்பலில் இருந்த 34 பேரில் பலர் உறைகுளிர்க் கடலில் தத்தளித்தனர். மீட்க வந்த ஹெலிகாப்டர் கூடையைக் கீழே இறக்கியது. ஆயினும், விறைத்துப்போன கைகளால் அக்கூடையைப் பற்றி ஏறும் வலிமை பலருக்கு இல்லை. உயிர் பிழைத்தவர் மூவர் மட்டுமே. கப்பலில் உயிர்காப்பு அங்கிகள் இருந்தன. உடலின் வெப்பத்தைக் காக்கும் உடைகள் இல்லை. மிதப்பது மட்டுமே பிழைப்பதற்குப் போதாது என்னும் உண்மையை அவ்விபத்து உலகிற்கு உணர்த்தியது.

குளிர் செய்யும் கேடு

காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். குளிர்நீரில் வீழ்ந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு தன்வயமின்றி வாங்கும். அப்போது முகம் நீருள் இருப்பின் நீர் நுரையீரலுள் புகும். அடுத்த பத்து நிமிட அளவில் விரல்களும் கைகளும் செயலிழக்கத் தொடங்கும். நீந்துவதில் வல்லவரும் அந்நிலையில் நீந்த இயலாதவராவர். அதன் பின்னரே உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி, நினைவு தடுமாறும். எனவே, குளிர்கடலில் ஒருவருக்கு இருவகைக் காப்புகள் தேவை. முகத்தை நீருக்கு மேலே நிறுத்துவது ஒன்று. வெப்பம் வெளியேறாமல் தடுப்பது மற்றொன்று.

இரு கருவிகள், இரு பணிகள்

உயிர்காப்பு அங்கி முதற்பணியைச் செய்கிறது. அதன் மிதப்பாற்றல் பெரிதும் மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் அமைந்துள்ளது. ஆகவே, நினைவிழந்து குப்புறக் கிடப்பவரையும் அது சில வினாடிகளில் மல்லாத்தி, வாயை நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்துகிறது. மாலுமிகள் ‘இம்மர்ஷன் சூட்’ என வழங்கும் குளிர்காப்பு உடை இரண்டாம் பணியைச் செய்கிறது. முகம் நீங்கலாக உடல் முழுவதையும் மூடும் இவ்வுடை, நீர் உட்புகாதவாறு தைக்கப்பட்டது. வெப்பக்காப்புள்ள உடையை அணிந்தவர் 0 முதல் 2 டிகிரி வரையிலான நீரில் ஆறு மணிநேரம் இருப்பினும், அவருடைய உள்வெப்பம் 2 டிகிரிக்கு மேல் குறைதல் கூடாது என்பது பன்னாட்டு விதி.

இணைத்து அணிவதில் உள்ள சிக்கல்

இரண்டையும் ஒருங்கே அணிந்தால் காப்பும் இரு மடங்காகும் என எண்ணத் தோன்றும். ஆனால், உண்மை அத்துணை எளிதன்று. குளிர்காப்பு உடையின் மிதப்பாற்றல் கால்கள் உட்பட உடலெங்கும் பரவியுள்ளது. உள்ளே சிக்கிய காற்று கால்பகுதிக்குச் சென்றால் கால்கள் மேலெழும். அந்நிலையில், நினைவிழந்தவரைப் புரட்டும் அங்கியின் ஆற்றல் தடைப்படக்கூடும். பருத்த உடையின்மேல் அங்கியின் வார்கள் எட்டாமலும் போகலாம். தளர்ந்த அங்கி நீரில் மேலேறி முகத்தை மறைக்கவும் கூடும். காற்றடைத்து உப்பும் அங்கியை உடைக்குள்ளே அணிந்தால், அது உப்பும்போது மார்பை நெருக்கி மூச்சைத் திணறடிக்கும்.

ஆகவேதான், இவ்விரண்டையும் இணைத்து அணிய நேரின் அங்கி உடைக்கு மேலேயே இருத்தல் வேண்டும் எனப் பன்னாட்டு விதி வகுத்துள்ளது. பொருந்தும் அங்கியோடு சேர்த்தே அணியப்பட வேண்டிய உடையில் அக்குறிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். சில உடைகள் அங்கியின்றி அணியுமாறே அமைக்கப்பட்டவை. தன் உடை எவ்வகையைச் சார்ந்தது என்பதைக் கப்பல் ஏறிய நாளிலேயே மாலுமி அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அணியும் முறை

உடையை உறையிலிருந்து எடுத்து, பிறர் உதவியின்றி இரண்டு நிமிடங்களுக்குள் அணிந்து முடிக்க வேண்டும். அங்கியும் தேவைப்படின் அதனை அணியும் நேரமும் இவ்வளவினுள் அடங்கும். முதலில் வெதுவெதுப்பான ஆடைகளை அணிந்துகொள்ளல் வேண்டும். பின்னர்த் தளத்தில் அமர்ந்து கால்களை நுழைத்து, கைகளையும் தலைமூடியையும் பொருத்த வேண்டும். பற்பிணைப்பை முழுவதும் மூடுமுன் குந்தி அமர்ந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. இறுதியாக, அங்கியை மேலே அணிந்து வார்களை இறுக்க வேண்டும்.

இயன்றவரை கடலில் குதித்தலைத் தவிர்த்து, ஏணிவழியாக உயிர்மீட்புத் தெப்பத்தில் இறங்குதலே நன்று. குதித்தே ஆக வேண்டுமெனில், ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடி, மறுகையால் அங்கியை அழுத்திப் பிடித்து, கால்களைச் சேர்த்து நேராகக் குதித்தல் வேண்டும். நீரில் வீணே நீந்தாமல், கைகளைப் பிணைத்துக் கூட்டமாக இருப்பது வெப்பத்தைக் காக்கும். மீட்போர் கண்ணில் படுவதற்கும் உதவும்.

பேணலும் பயிற்சியும்

கிழிந்த தையலும் துருவேறிய பற்பிணைப்பும் இவ்வுடையைப் பயனற்றதாக்கிவிடும். ஆதலால், காலந்தோறும் உடையைச் சோதித்து, பற்பிணைப்பிற்கு மெழுகிட்டுப் பேணுதல் வேண்டும். 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், வெப்பக் கடல்களிலேயே இயங்கும் சில கப்பல்கள் நீங்கலாக, சரக்குக் கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இவ்வுடை இருத்தல் வேண்டும் எனக் கூறுகிறது. சட்டம் உடையைக் கப்பலில் சேர்க்கும். அதனை உடலில் சேர்ப்பது பயிற்சியே. இருளில், சாய்ந்த தளத்தில், நடுங்கும் கைகளோடு ஓர் உடையை அணியக் கற்றுக்கொள்ளும் நேரம் அதுவன்று. அமைதியான பகற்பொழுதில் பலமுறை பழகிய கைகளே ஆபத்து வேளையில் தாமாகச் செயற்படும்.