அன்டனா செய்யச் சொல்லிக்கொடுத்தேன், கட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், விஞ்ஞானத்தைக் கையால் செய்து காட்டிப் படிப்பிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதை இன்றுவரை விடாமல் செய்து வருகிறேன். கடந்த தவணையில் தரம் 11 மாணவர்களுக்கு அலைகள் பற்றிய பாடம் வந்தபோது, பழைய அலுமினியக் குழாய்த் துண்டுகளைக் கொண்டு ஒரு தொலைக்காட்சி அன்டனா செய்து காட்டினேன். 600 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்ரிமீற்றர், அதில் பாதி 25 சென்ரிமீற்றர், அந்த அளவுக்குக் குழாயை வெட்டினால் அலை நன்றாகப் பிடிபடும் என்று விளக்கினேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஒரு வாரம் கழித்து ஒரு மாணவன் சிரித்துக்கொண்டே வந்து, "சேர், நானும் ஒன்று செய்தேன். ஆனா ஏத்தக்குள்ள விழுந்து வளஞ்சி போச்சி" என்றான். நானும் சிரித்தேன். பிறகுதான் எப்படி விழுந்தது என்று கேட்டேன்.

மாதாமாதம் டிஷ்சுக்குக் காசு கட்ட முடியாத வீடு அது. அவனும் வாப்பாவும் 20 அடி இரும்புப் பைப்பின் நுனியில் அன்டனாவைக் கட்டி, வீட்டு முன்பக்கத்தில் நிமிர்த்தியிருக்கிறார்கள். பாதி நிமிர்ந்ததும் காற்றடித்து, பைப் வீதிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வாசலில் நின்ற உம்மா "கரண்ட் கம்பி!" என்று கத்த, இருவரும் கைவிட்டுவிட்டார்கள். பைப் கம்பியில் படாமல் மதிலில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்யச் சொல்லிக்கொடுத்த நான், எங்கே, எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்டனா தானாக யாரையும் தாக்காது. அது காற்றிலிருந்து பிடிக்கும் மின்சாரம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் வராது. சைக்கிள் றிம்மில் செய்தாலும் கடையில் வாங்கினாலும் இதில் வித்தியாசமில்லை. ஆனால் உயரத்தில் நிற்கும் உலோகத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வந்து சேர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வீதிக் கம்பி. வீடுகளுக்கு வரும் கம்பிகளில் 230 வோல்ற்று இருக்கிறது. பிரதான வீதிகளில் மேலே செல்லும் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ற்று ஓடுகிறது. உயர் அழுத்தக் கம்பியைத் தொடத் தேவையில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும். மூங்கிலில் கட்டினால் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். அதோடு தொங்கும் அன்டனா வயரும் உலோகம்தான்.

"எங்கட வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது" என்றும் பலர் சொல்கிறார்கள். அது வீட்டு வயரிங்கில் ஓடும் மின்சாரத்தை மட்டுமே கவனிக்கிறது. பைப் வீதிக் கம்பியில் பட்டால், மின்சாரம் பைப் வழியாக உங்கள் உடம்புக்கு வந்து நிலத்துக்குப் போகிறது. ட்ரிப் சுவிட்ச்சுக்கு அது தெரியவே தெரியாது.

எனவே கம்பிக்கும் அன்டனா நிற்கும் இடத்துக்கும் இடையில், பைப்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது இருக்க வேண்டும். 20 அடி என்றால் 30 அடி. அப்போது எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியை எட்டாது. நிமிர்த்தும்போது சாய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டாம், தடியாலும் தட்ட வேண்டாம். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கும் 1990 அம்புலன்ஸுக்கும் உடனே அழையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை யாரையும் கிட்டப் போக விடாதீர்கள்.

இரண்டாவது, மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அஸருக்குப் பின்னர் இடி மின்னல் நமக்குப் பழக்கமானது. ஒரு மின்னலில் பல்லாயிரம் அம்பியர் பாய்கிறது. அது அன்டனாவில் விழத் தேவையில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே வயர் வழியாக டீவி வரை வரலாம். அன்டனா வயரையும் டீவி பிளக்கையும் மழை வருவதற்கு முன்பே கழற்றி வையுங்கள். மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் வயரில் கைவைக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடமாவது பொறுங்கள். உலோகப் பைப்பை ஒரு மின் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு தடித்த செப்புக் கம்பியால் முறையாக எர்த் செய்வது நல்லது. ஆனால் எர்த் இருக்கிறதே என்று மின்னல் நேரத்தில் டீவி பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, பூஸ்டர். வீட்டுக்குள்ளிருக்கும் சிறிய அடப்டரில் இருந்து ஏறத்தாழ 12 வோல்ற்று, அதே வயர் வழியாக மேலே போகிறது. அடப்டர் தரமற்றதாக இருந்து உள்ளே பழுதானால், 12 வோல்ற்றுக்குப் பதிலாக 230 வோல்ற்று அன்டனாவுக்குப் போகலாம். நனைந்த தகரக் கூரையில் நின்று அன்டனாவைத் திருப்புபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூரையில் ஏற முன்னர் டீவி, பூஸ்டர் இரண்டினதும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வயரைத் தொடும்போது "சுர்" என்று இழுத்தால், அதைப் பழக்கமென்று விடாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சென்ற வாரம் அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். வீதியிலிருந்து தள்ளி, பின்பக்கக் குசினிச் சுவரில் 8 அடிப் பைப்பில் அதே அன்டனாவைக் கட்டினோம். ஓர் அலைவரிசை மட்டும் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வருகிறது. "இன்னும் கொஞ்சம் உயர்த்தினா சரியாகிடும் சேர்" என்றான் அவன். "இது போதும் மகன்" என்று அவனுடைய உம்மா உள்ளிருந்தே பதில் சொன்னார்.