வீதிக்குக் கீழே ஓடவேண்டிய நீர்

தரைவழியாக இறுப்பிட்டிக்குப் போகின்ற எவரும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள தாம்போதியைக் கடந்தே ஆகவேண்டும். வாணர் சகோதரர்களின் அயராத முயற்சியின் பயனாக எழுந்த அத்தாம்போதி எம்மக்களுக்கு வெறும் வீதியல்ல. அதற்கு முன்னர் நோயாளியையும் நெல்மூடையையும் ஒரே வள்ளத்தில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும், அங்கிருந்து நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கும் செல்வோர் இதன் மேலாகவே செல்கின்றனர். ஆகவே, தாம்போதி கடலை மறிக்கின்றது என்று யாரேனும் சொன்னால் எம்மவர்க்குக் கோபம் வருவது இயல்பே. ஆயினும் அதைப்பற்றிப் பேசவேண்டிய வேளை வந்துவிட்டது. வீதிகள் புதுப்பிக்கப்படும்போது பேசாவிட்டால், பின்னர் ஒரு தலைமுறைக்குப் பேசிப் பயனில்லை.

எமது பரவைக்கடல் ஆழமற்றது. கடலின் வற்றும் பெருக்கும் இங்கு மிகச் சிறியவை. பெரும்பாலான நாட்களில் இரண்டு அடியையும் தாண்டுவதில்லை. இத்தகைய கடலில் நீரைத் தள்ளும் விசை குறைவாதலால் சிறு தடையும் பெருந்தடையாகின்றது. கல்லும் மண்ணும் கொட்டி வீதியமைத்து, ஆங்காங்கே ஒடுங்கிய மதகுகளை மாத்திரம் விட்டால், மதகின் வாயில் நீர் விரைந்தோடும். ஏனைய இடங்களில் அசையாது நிற்கும். அசையாத நீரில் சேறு படியும். கோடையில் அது வற்றி உப்பு மிகும். குஞ்சு மீனும் இறாலும் உள்ளே வருவது குறையும். கரையோரக் கண்டல் நுனியிலிருந்து பட்டுவரும்.

இது கடற்றொழிலாளரின் கவலை, கமக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கமக்காரரின் அச்சம் நேர்மாறானது. மதகைத் திறந்தால் உவர்நீர் வயலுக்குள் ஏறும், கிணறு சவராகும் என்பதே அது. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் தீவகத்தை அறியாதவர். நல்ல தண்ணீர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளும் உரிமைக்காக 1971இல் எழுத்தாளர் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்த தீவு இது. சுண்ணாம்புக் கல்லினுள் மாரிமழை விட்டுச்செல்லும் மெல்லிய நன்னீர்ப் படலமே இங்கு குடிநீர், அதுவே பயிர்நீர். கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில் முன்னொரு காலத்தில் நெல் விளைந்தது. நன்மை கருதி வெட்டிய கால்வாய்கள் வழியே கடல்நீர் ஏறி அவ்வயல்கள் பாழாயின. அதனை ஆங்கிலேயராலும் திருத்த முடியவில்லை.

எனவே இரண்டு வகை வீதிகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். கடலுக்கும் கடலுக்கும் நடுவே செல்லும் தாம்போதி ஒருவகை. அங்கு மதகுகள் எவ்வளவு அகலமாகவும் பலவாகவும் அமைகின்றனவோ அவ்வளவு நன்று. எவருடைய வயலும் அதனால் கெடாது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே தரவையை ஊடறுத்துச் செல்லும் ஊர்வீதி மற்றவகை. அது வீதியாக மாத்திரமன்றி உவர்த்தடுப்பு அணையாகவும் நிற்கின்றது. அங்கு மாரிவெள்ளம் வெளியே போகவும் கடல்நீர் உள்ளே வராதிருக்கவும் ஒருவழிக் கதவோ பலகை அடைப்போ தேவை. இவ்விரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் கட்டுவதே வழமையாக நடக்கும் பிழை.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வெல்ஃபிளீற் என்ற கடலோர ஊரில் ஹெரிங் ஆற்று வாயை 1909இல் அணைகட்டி அடைத்தனர். நுளம்பை ஒழிப்பது நோக்கம். அணைமேல் வீதியும் அமைந்தது. உள்ளேயிருந்த உவர்ச் சதுப்பு காய்ந்து, நிலம் தாழ்ந்து, மண் புளித்து, நீர் கெட்டு மீன் மாண்டது. நுளம்போ ஒழியவில்லை! நூறாண்டு கழித்து, அணையிருந்த இடத்தில் கதவுகள் கொண்ட பாலம் கட்டும் வேலை 2023இல் தொடங்கியது. அவர்கள் கதவுகளை ஒரே நாளில் திறந்துவிடப் போவதில்லை. தாழ்ந்த வீதிகளை முதலில் உயர்த்தி, வீடுகளைப் பாதுகாத்து, பின்னர் ஆண்டாண்டாகச் சிறிது சிறிதாகத் திறப்பதே திட்டம். வீதியை விடாமலே சதுப்பை மீட்பது அவ்வகையில் சாத்தியம்.

கண்டல் நடுதல் என்றால் படம் பிடிக்கப் பலர் வருவர். ஆனால் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் தப்பவில்லை எனக் காட்டியது. சுனாமிக்குப்பின் நட்ட பல இடங்களும் இவற்றுள் அடங்கும். பொருந்தாத இடமும் கவனிப்பின்மையும் முக்கிய காரணங்கள். பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறுவழியில் சென்றது. காடு வெட்டப்பட்ட நிலம் தாழ்ந்து நீர் தேங்கி உப்பேறியதைக் கண்டு, முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டிக் கடல்நீர் வந்துபோக வழிசெய்து, அதன்பின்னரே கன்று நட்டனர். நீரோட்டம் திரும்பினால் கண்டல் தானாகவும் வரும்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் தாழ்ந்த காணிகள் பல பயிரின்றிக் கிடக்கின்றன. அணை உடைந்து உவர் ஏறிய வயலில் உமரி முளைத்திருந்தால், அது தரவையாகிவிட்டது, இனி அப்படியே விடலாம் என்று சொல்வது எளிது. ஒருசில துண்டுகளுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆடுமாடு மேய அந்நிலம் உதவும். ஆனால் உறுதிக்காரர் வவுனியாவிலோ பாரிஸிலோ இருக்கும்போது அம்முடிவை வேறெவரும் எடுக்கலாகாது. விட்டுக்கொடுப்பதாயின் உறுதி அவர்களிடமே இருக்கவேண்டும், மேலேயுள்ள வயலுக்கு அணை முதலில் திருத்தப்படவேண்டும்.

வேலை தொடங்குமுன் கேட்கவேண்டியவை சில. மதகின் அடித்தளம் எந்த மட்டத்தில் அமைகின்றது? கடற்படுகையிலும் உயர்ந்தால் வற்றுநேரத்தில் நீரோடாது; தாம்போதியில் இதுவே அகலத்திலும் முக்கியம். கட்டும்போது போட்ட தற்காலிக மண் அணைகளை அகற்றும் பொறுப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? தரவை வீதியின் கதவை மாரியில் யார் திறப்பது, கோடையில் யார் மூடுவது? 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயத்துள் அடங்கும். அங்கு நடைபெறும் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். ஆகவே கடிதம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு மட்டுமன்றி, கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் வேலணைப் பிரதேச செயலகத்துக்கும் போகவேண்டும். வெளியிலிருக்கும் உறுதிக்காரரும் காணியின் பெயர், உறுதி இலக்கம் குறிப்பிட்டு எழுதலாம்.

ஊரிலிருப்போர் இந்த மாரிக்கு முன்னரே ஒரு கொப்பியைத் தொடங்குவது நல்லது. கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்தும், நீரின் சவரை அறிந்தும் மாதம் இருமுறை திகதியோடு குறித்து வந்தால், மதகு திறந்தபின் கிணறு கெட்டதா இல்லையா என்பதற்கு வாய்ச்சண்டை தேவைப்படாது.