முன்பணமும் சிறைவாசமும்: நீலகிரித் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஓர் அதிகாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த சீர்திருத்த இயக்கங்களைப் பற்றிப் பேசுங்கால், அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, மாதர் உரிமை ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். அக்காலத்திலேயே எழுந்த வேறொரு கோரிக்கை அத்துணைப் புகழ் பெறவில்லை. கடன்பட்டவனைச் சிறையிலிடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. 1828-இல் பிலதெல்பியாவிலும் 1829-இல் நியூயார்க்கிலும் கைவினைஞரும் தொழிலாளரும் அமைத்த கட்சிகள், பொதுக்கல்வி முதலிய கோரிக்கைகளோடு இதனையும் முன்வைத்தன. அக்கட்சிகள் சில ஆண்டுகளே நிலைத்தன. ஆயினும் 1831-இல் நியூயார்க் மாநிலம் கடனுக்கான சிறைவாசத்தைப் பெரும்பாலும் நீக்கிச் சட்டம் இயற்றிற்று.

நீலகிரித் தோட்டங்களில் உழைத்தோருக்கு இவ்விடுதலை கிட்டுவதற்கு மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்வரலாறு நம்மிடையே அதிகம் அறியப்படாதது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

காப்பி, சின்கோனா, தேயிலை ஆகிய பயிர்கள் நீலகிரியில் பரவிய காலத்தில், தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் மலையில் போதிய அளவில் இல்லை. சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களிலிருந்தும் மைசூர் நாட்டிலிருந்தும் அவர்களைக் கொண்டுவரும் பணி கங்காணியிடம் விடப்பட்டது. துரையிடம் பணம் பெற்றுக்கொண்டு கங்காணி ஊர்களுக்குச் செல்வான்; பஞ்சத்தாலும் பழங்கடனாலும் நலிந்த குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். வழிச்செலவும் கம்பளியின் விலையும் அக்கணக்கிலேயே பற்றாக எழுதப்பட்டன. ஆகவே கூலிக்காரன் ஒரு கூடை கொழுந்து பறிப்பதற்கு முன்னரே கடனாளியாகியிருந்தான். ஆட்கள் பெறும் கூலியைப் பொறுத்துக் கங்காணிக்குத் தரகும் கிடைத்தமையால், அவர்கள் தோட்டத்தை விட்டு நீங்காதிருப்பதே அவனுக்கு ஆதாயமாயிற்று.

கடன் ஒருவனை நெருக்குவது உலக வழக்கு. அதனைக் குற்றமாக்கியது சட்டம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையுடைமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளின் பின், 1859-இல், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் பிறந்தது. முன்பணம் பெற்ற ஒருவன் தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கினால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, ஒப்பந்தப்படி வேலையை முடிப்பதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் முறையிட்ட முதலாளிக்கே அளிக்கப்பட்டது. அவ்வுத்தரவுக்கு உடன்படாதவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கப்படலாம். முதலாளி தன் வாக்கை மீறினாலோ, அவனுக்கு இச்சட்டத்தில் சிறை இல்லை! தொடக்கத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம் பின்னர்ப் பிற பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டது. இதுவும் போதாதென மலைத்தோட்டங்களுக்கெனவே சென்னை அரசு 1903-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றிற்று.

அமெரிக்காவிலும் இக்கேடு எளிதில் ஒழியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தனம் நீங்கிய தென்மாநிலங்களில், முன்பணம் பெற்று வேலையை விட்டவனை மோசக்காரனாகக் கருதித் தண்டிக்கும் சட்டங்கள் தோன்றின. அலபாமா மாநிலத்தில் பெய்லி என்னும் கறுப்பினத் தொழிலாளி பதினைந்து டாலர் முன்பணம் பெற்று, ஒரு மாதத்திற்குச் சற்று மேல் உழைத்துவிட்டு நின்றமைக்காகத் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 1911-இல் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. கடனைக் காட்டி ஒருவனை வேலைக்குக் கட்டாயப்படுத்துவது அடிமைத்தனத்தின் மறுவடிவமே என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்பு வெளிவந்த ஆண்டிலும் நீலகிரியில் அதே வகைச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

மாற்றத்திற்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் ஒன்று அசாமில் நேர்ந்தது. 1921-இல் சார்கோலா பள்ளத்தாக்கின் தேயிலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு ஊர் நோக்கி நடந்தனர். சாந்த்பூரில் அவர்கள் பட்ட துன்பம் நாடெங்கும் பேசப்பட்டது. சி. எஃப். ஆண்ட்ரூஸ் அங்கே சென்று அவர்களுக்காகப் பரிந்து நின்றார். அதே ஆண்டில் இலங்கையில், தொழிலாளியின் கடனைக் குறித்து அவனைத் தோட்டத்திற்குத் தோட்டம் மாற்ற உதவிய துண்டு முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முடிவில் 1925-இல் இந்தியச் சட்டசபை 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று. அந்நீக்கம் 1926 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னைத் தோட்டச் சட்டமும் அப்பத்தாண்டின் இறுதிக்குள் மறைந்தது. நம் திருச்சபை வரலாற்று நூல்கள் மலைமீது எழுந்த பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் மிகுந்த பரிவோடு விவரிக்கின்றன. மாஜிஸ்திரேட்டின் முன் கைகட்டி நின்ற கூலிக்காரனுக்கும் அவற்றில் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

சிறை நீங்கிற்று, கங்காணியின் கணக்குப் புத்தகம் நீங்கவில்லை. வேலையை விட்டவனைத் தண்டிக்க இயலாதெனினும், கடன் தீரும்வரை ஊர் திரும்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? லயன் வீடும் தோட்டத்தினுடையதே. வேலையை இழந்தால் கூரையையும் இழக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், வேலை நேரம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமைகளாக வகுத்தது. அப்போதும் வாரத்திற்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க அது இடமளித்தது என்பதையும் மறத்தலாகாது.

தோட்டக் கூலிக்காரரைக் காட்டிலும் தாழ்ந்த நிலையில் இருந்தோர் கூடலூர்ப் பகுதியின் பணியர். வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவின்போது நிலவுடைமையாளர் பணியருக்குச் சிறுதொகை கொடுத்து, அவ்வொரு தொகையால் அவர்தம் ஓராண்டு உழைப்பைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. அதற்கு ஒப்பந்தத் தாளோ மாஜிஸ்திரேட்டோ தேவைப்படவில்லை. தெய்வ சந்நிதியில் வாங்கிய பணம் என்னும் அச்சமே போதுமானதாயிற்று. இத்தகைய பிணைப்புகள் அனைத்தையும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் செல்லாதவையாக்கியது, அக்கடன்களும் அற்றுப்போயின.

உபாகமம் 15-ஆம் அதிகாரம் கற்றோர் இங்கே ஒரு வேற்றுமையைக் காண்பர். ஏழாம் ஆண்டில் விடுதலையாகும் வேலைக்காரனை வெறுங்கையாய் அனுப்பலாகாது என்றும், ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலுமிருந்து அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அவ்வதிகாரம் விதிக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கடனைத் தள்ளிற்று, நிலத்தைக் கொடுக்கவில்லை. 1988 டிசம்பரில் கூடலூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் பேரணியாகச் சென்றபோது, அவர்கள் கேட்டது அந்த நிலத்தையே.