ஜன்னலைத் திற! இருமலை மறைக்காதே!
அவசர வார்டு நர்சுகளை டி.பி. தாக்காமல் காக்க வழி

திருவண்ணாமலை,

பவுர்ணமி வந்தால் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் ஜன சமுத்திரம்! மயங்கி விழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தவர் எல்லோரும் போய்ச் சேரும் இடம், ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு.

அவர்களில் ஒருவருக்கு "லொக்... லொக்..." என்று இருமல். "சாதாரண சளிதாங்க" என்கிறார் கூட வந்தவர். அது காசநோயாக இருந்தால்? ஊசி போடும் நர்சுக்கும், ஸ்டிரெச்சர் தள்ளும் ஊழியருக்கும் ஆபத்துதான்!

இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். ஆள் போன பிறகும் கிருமி போகாது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரைக் கண்டு பயம் வேண்டாம். நோய் இருப்பதே தெரியாமல் வருகிறவரால்தான் வம்பு.

வேலூர் கணக்கு

பக்கத்து ஊரான வேலூரில் சி.எம்.சி. டாக்டர்கள் நர்சிங் மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஆண்டுக்கு 100-க்கு ஏறக்குறைய 8 பேர் வீதம் புதிதாகக் கிருமி தொற்றியிருந்தது! தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வராது. கிருமி உடம்பில் உறங்கும். சிலருக்கு என்றாவது விழித்துக் கொள்ளும்.

காசில்லாத காவல்

பெரு நாட்டின் லிமா நகரில் 8 ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தார்கள். ஜன்னல், கதவைத் திறந்து வைத்த அறைகளில் காற்று மணிக்குச் சுமார் 28 தடவை மாறியது. உயர்ந்த கூரையும் அகல ஜன்னலும் உள்ள பழைய கட்டிடங்களே புதியவற்றை முந்தின. 2007-ல் வெளியான முடிவு இது. சுவரில் மாட்டும் ஏ.சி.யோ உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும்.

வாசலில் 3 கேள்வி

"எத்தனை நாளா இருமல்? சளியில ரத்தம் வருதா? முன்னாடி டி.பி. மாத்திரை சாப்பிட்டீங்களா?"

வாசலிலேயே இதைக் கேட்க வேண்டும். 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமாகத் தனியே உட்கார வைத்து, வரிசையில் காக்க விடாமல் முதலில் பார்த்துவிட வேண்டும். காற்றில் பரவும் நோய்களைத் தடுக்க மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட வழிகாட்டி விதிகளின் சாரமும் இதுதான்.

இருமுகிறவருக்குச் சாதாரண முகக்கவசம் போதும். பக்கத்தில் நிற்கும் நர்சுக்கு அது போதாது. முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் 'என்-95' வேண்டும்.

வெட்கம் எதற்கு?

அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். கேட்கும் முன்பே இருமலைச் சொல்லி விடுங்கள். நாளை உங்கள் வீட்டு அவசரத்துக்கும் அதே நர்சுதான் ஓடி வர வேண்டும்!