காலை நடையும் வைட்டமின் டி குறைபாடும்

பணி ஓய்வு பெற்ற ஆண்கள் பலருக்கு விடியற்காலை நடைப்பயிற்சி ஓர் அன்றாடக் கடமை. ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, ஏழு மணிக்குள் வீடு திரும்பி, செய்தித்தாளுடன் அமர்ந்துவிட்டால் மாலை வரை அவர்கள் வெளியே தலைகாட்டுவதில்லை. 'தினமும் வெளியில் நடக்கிறேனே, எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?' என்று ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கையுமாக நண்பர்கள் வியப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவைப்படுவது புற ஊதா-பி கதிர். சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது இக்கதிர் வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு சாய்வாகக் கடந்து வரவேண்டியிருப்பதால், ஓசோன் படலம் அதைப் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே பயனுள்ள வேளை என்பது எளிய கணக்கு. சென்னையில் அவ்வேளை கோடையில் ஏறத்தாழ ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. மார்கழியிலோ பத்து மணியைத் தாண்டிவிடுகிறது. ஐந்தரை மணி நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், வைட்டமின் டி கணக்கில் அதற்கு வரவு இல்லை. மூடிய சன்னலருகே சாய்வு நாற்காலியில் காயும் வெயிலுக்கும் இதே நிலைதான். சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும்.

வயதும் தன் பங்குக்குக் குறைக்கிறது. வைட்டமினாக மாறும் மூலப்பொருள் முதியவரின் தோலில் இளைஞரைவிடக் குறைவு. கருமை மிகுந்த தோலுக்குக் கூடுதல் நேர வெயில் வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் இதன் அளவு குறைந்து காணப்படுகிறது. கல்லீரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பிறகே இது செயல்படும் என்பதால், அவ்வுறுப்புகளின் நோய்களும் குறைபாட்டுக்கு வழிவகுக்கும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் அப்படியே. உணவில் ஈடுகட்டலாம் என்றால், கொழுப்பு மிகுந்த மீன், முட்டையின் மஞ்சள் கரு, செறிவூட்டப்பட்ட பால் ஆகியவற்றுக்கு அப்பால் பட்டியல் நீளவில்லை.

இக்காரணிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது என்ன ஆகும் என்பதை 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,606 ஆண்களில் 26 சதவீதத்தினருக்கு, ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்கும் குறைவாகவே வைட்டமின் டி இருந்தது. எண்பதைக் கடந்து, உடல் எடை மிகுந்து, தோட்ட வேலை செய்யாமல், உணவிலும் மாத்திரையிலும் போதிய அளவு பெறாத வெள்ளையின ஆண்களிடம் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அது 86 சதவீதமாக உயர்ந்தது. அங்கே முதியவரைக் குளிர் வீட்டுக்குள் அடைக்கிறது. இங்கே வெயிலே அடைத்துவிடுகிறது.

எலும்புத் தேய்மானம் பெண்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இடுப்பெலும்பு முறிவு பெண்களுக்கே அதிகம் நேர்கிறது என்பதும் உண்மை. ஆனால், அதன்பின் ஓராண்டுக்குள் இறப்போரின் விகிதம் ஆண்களிடமே கூடுதல். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ இயலாமை, மாடிப்படியில் தொடை தளர்தல், இனம்புரியாத எலும்பு வலி ஆகியவற்றை 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடுகிறோம். கடுமையான வைட்டமின் டி குறைபாட்டின் அறிகுறிகளும் இவையே.

அதற்காக எல்லோரும் பரிசோதனைக் கூடத்துக்கு ஓட வேண்டுமா? இங்கேதான் என் பொருளாதாரப் பாடம் குறுக்கிடுகிறது. மேற்கண்ட ஆய்வில் எல்லைக்கோட்டை 20 நானோகிராமிலிருந்து 30-க்கு நகர்த்தினால், 26 சதவீதம் 72 சதவீதமாகிவிடுகிறது. ஒருவர் உடலிலும் எந்த மாற்றமும் இல்லை. சந்தை மட்டும் ஏறக்குறைய மும்மடங்காகிறது. 30 நானோகிராம் வேண்டும் என்று 2011-இல் கூறிய அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், 2024-இல் அந்த எல்லையை ஆதரிப்பதைக் கைவிட்டது. நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்றும், 75 வயதைக் கடந்தவர்கள் பரிசோதனையின்றியே அன்றாடம் சிறிய அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அது கருதுகிறது.

நம் ஊரில் பரவலாக விற்பனையாவது 60,000 அலகு கொண்ட பொட்டலம். குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது. அதையே மாதக்கணக்கில் தாமாகவே தொடர்பவர்களும் உண்டு; வாரம் ஒன்றை நாள் ஒன்று எனத் தவறாகப் புரிந்துகொள்வோரும் உண்டு. அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து உயர்ந்து வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த சோதனையில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்கு மாறாக அதிகரித்தன.

அடிக்கடி தடுமாறி விழுபவர், வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர், சிறுநீரக நோயாளி, வலிப்பு மருந்தை நெடுங்காலம் உட்கொள்பவர் ஆகியோர் மருத்துவரிடம் இதைப் பற்றி அவசியம் கேட்க வேண்டும். மருந்து எழுதித் தரப்பட்டால், எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது ரத்தம் பார்ப்பது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பழைய சீட்டைக் காட்டினாலும் மருந்துக் கடையில் பொட்டலம் கிடைத்துவிடுகிறது.