கடுனா: ராணுவ ஊரில் ஏன் பாதுகாப்பு இல்லை?

கூகுள் மேப்பைத் திறந்து 'கடுனா'ன்னு தேடுங்க. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவுக்கு வடக்கே வரும். நாட்டின் ராணுவ அகாடமி இங்கேதான். தரைப்படையின் முதல் டிவிஷன் தலைமையகம் இங்கேதான். துப்பாக்கி, தோட்டா செய்யும் அரசு நிறுவனமான டைகானும், விமானப்படைத் தளமும்கூட இங்கேதான். ஒரே ஊரில் இவ்வளவு ராணுவம் இருந்தா, திருடன்கூட எட்டிப் பார்க்க மாட்டான்னுதானே தோணும்?

2021 மார்ச் 11 ராத்திரி, அந்த அகாடமிக்குப் பக்கத்திலேயே அஃபாக்காவில் இருக்கும் வனவியல் கல்லூரிக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து 39 மாணவ மாணவிகளைக் கடத்திப் போனது. நம்ம வயசுப் பிள்ளைங்க. கடைசி பேட்ச் வெளியே வர மே மாதம் ஆயிடுச்சு. அதே வருஷம் ஆகஸ்டில், அகாடமிக்குள்ளேயே புகுந்து இரண்டு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்று, இன்னொருவரைத் தூக்கிப் போனார்கள். 2022 மார்ச்சில் அபுஜா–கடுனா ரயிலைக் குண்டு வைத்து நிறுத்தி, பயணிகளைப் பிடித்துப் போனார்கள்.

இத்தனைக்கும் இது நோஞ்சான் ராணுவம் இல்லீங்க. 1990-களில் லைபீரியா, சியரா லியோன் உள்நாட்டுப் போர்களுக்குப் போன மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படையில் பெரும்பகுதி நைஜீரிய வீரர்கள்தான். (ஒரு சின்ன தகவல்: கடுனா அகாடமி 1964-ல் தொடங்கியபோது அதை நடத்திக் கொடுத்தது இந்திய ராணுவ அதிகாரிகள். முதல் கமாண்டன்ட் பிரிகேடியர் வர்மா.)

அப்புறம் எங்கே இடிக்குது? முதலில், வேலை அதிகம். வடகிழக்கில் 2009-லிருந்து போகோ ஹராம், அதிலிருந்து பிரிந்த ஐ.எஸ். கிளை. வடமேற்கில் பைக்கில் கூட்டமாக வந்து கிராமங்களைக் கொள்ளையடிக்கும் கும்பல்கள். நடுவில் விவசாயி–மேய்ப்பர் மோதல், தென்கிழக்கில் பிரிவினைவாதிகள், டெல்டாவில் எண்ணெய்த் திருட்டு. 36 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் ராணுவம் இறங்கி நிற்கிறது. போலீஸ் முழுக்க மத்திய அரசின் கையில். அதுவும் போதாததால், போலீஸ் செய்ய வேண்டிய வேலையும் ராணுவத்தின் தலையில்.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம், மெஷின். 2021-ல் நைஜீரியாவுக்கு 12 சூப்பர் டுகானோ விமானங்கள் வந்து சேர்ந்தன. விலை கிட்டத்தட்ட 50 கோடி டாலர். மூக்கில் புரொப்பெல்லர் சுற்றுவதைப் பார்த்து "என்னடா, பழைய சினிமா பிளேன் மாதிரி இருக்கு"ன்னு நினைச்சிடாதீங்க. பைக்கில் வருபவனைத் தேட ஒலியை மிஞ்சும் வேகம் எதுக்கு? குறைந்த வேகத்தில் டர்போபிராப் என்ஜின் ஜெட்டைவிடச் சிக்கனம். அதனால் ஒரே இடத்தை நீண்ட நேரம் வட்டமடித்துக் கவனிக்கலாம். கரடுமுரடான ஓடுதளத்திலும் இறங்கலாம், பராமரிப்புச் செலவும் கம்மி. என்னைக் கேட்டால், நைஜீரியா வாங்கியதிலேயே புத்திசாலித்தனமான பொருள் இதுதான். துருக்கியின் டி-129 ஹெலிகாப்டர்கள், பாகிஸ்தானின் ஜே.எஃப்-17 ஜெட்கள், டிரோன்கள் என்று மற்ற பட்டியலும் நீளம்தான்.

ஆனா மேலே இருக்கிற கேமரா எவ்வளவு நல்லதா இருந்தாலும், அது காட்டுவது மனித உருவங்களைத்தான். அவர்கள் யார்னு அது சொல்லாது. 2023 டிசம்பர் 3 இரவு, கடுனா மாநிலத்தின் துடுன் பிரி கிராமத்தில் மக்கள் மீலாது விழாவுக்குக் கூடியிருந்தார்கள். ராணுவ டிரோன் அந்தக் கூட்டத்தின் மீது குண்டு போட்டது. தேசிய பேரிடர் அமைப்பின் கணக்குப்படி 85 பேர் செத்தார்கள். கூட்டத்தின் நடமாட்டத்தைக் கொள்ளையர்களுடையது என்று தவறாகப் புரிந்துகொண்டதாக ராணுவமே ஒப்புக்கொண்டது. 2017 ஜனவரியில் ரான் ஊரின் அகதி முகாம் மீது விமானப்படை குண்டு போட்டதும் இதே கதைதான். அங்கேயும் நூற்றுக்கு மேல் உயிர்ப்பலி.

அந்த 'யார்' என்கிற தகவல் கீழே இருந்துதான் வரணும். ஒரு கிராமத்துக்காரர் போன் போட்டுச் சொல்லணும். துப்புக் கொடுத்த பிறகு ராணுவம் ஒரு நாள் வந்துட்டுப் போயிடும், கும்பல் மறுநாள் திரும்பி வரும். நீங்களா இருந்தா போன் போடுவீங்களா? இதில் இன்னொரு கூத்து: 2021 செப்டம்பரில் கொள்ளையர்களின் தொடர்பைத் துண்டிக்க ஜம்ஃபாரா மாநிலத்தில் மொபைல் நெட்வொர்க்கையே நிறுத்தினார்கள். பிறகு கடுனாவின் பல பகுதிகளிலும். கொள்ளையனோடு சேர்த்து, உதவி கேட்க வேண்டியவனின் வாயையும் அடைத்த மாதிரி ஆச்சு.

எல்லைக்கு வெளியேயும் நிலைமை சுகமில்லை. 2023 ஜூலையில் பக்கத்து நாடான நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2025-ல் மாலி, புர்கினா ஃபாசோவோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பிலிருந்தே நைஜர் வெளியேறியது. சாட் ஏரிப் பகுதிக் கூட்டுப்படையிலிருந்தும் விலகியது. போராளிகள் எல்லை தாண்டினால் அந்தப் பக்கம் கைகோர்த்து நிற்க ஆள் குறைவு.

இனி என்ன? 2023-ல் டைகான் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்து உள்நாட்டிலேயே ஆயுதம் செய்ய வழி விட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் கவனிப்பது வேறு ஒன்று. 2025 நவம்பரில் அதிபர் டினுபு வி.ஐ.பி. காவலில் இருந்த போலீஸாரைத் திரும்பக் கூப்பிட்டு, புதிதாக ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க உத்தரவிட்டார். மாநிலங்களுக்குத் தனி போலீஸ் வேண்டும் என்ற பேச்சும் சூடு பிடித்திருக்கிறது. அந்தந்த ஊர் பாஷை தெரிந்த, மாற்றலாகிப் போகாத போலீஸ் என்றால், மக்கள் துணிந்து தகவல் சொல்வார்கள் என்பது வாதம். ஆளுநர்கள் அந்த போலீஸை எதிர்க்கட்சிக்காரர்கள் மேல் ஏவிவிடுவார்கள் என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கு. இதைக் கொண்டுவர அரசியலமைப்பைத் திருத்தணும். அதுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 36 மாநில சட்டமன்றங்களில் குறைந்தது 24-ன் ஒப்புதலும் தேவை.