"நீயும் உன் அத்தா மாதிரிதான்!"

மத்திகிரியிலும் ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகள் ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகின்றன. நைட் ஷிப்ட் முடிந்து தந்தை வரும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறான். கணவன் மனைவி சேர்ந்திருக்கும் கொஞ்ச நேரமும் வாடகை, கடன், சொந்தக்காரர்கள் என்று சண்டையில் போகிறது. பேச்சு நின்றுபோனால் தூது போவது பதினைந்து வயதுப் பிள்ளை. "உங்க அத்தாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்டயே கேளு." கடைசியில் கோபமெல்லாம் அவன் தலையில்: "நீயும் உன் அத்தா மாதிரிதான்!"

இந்த ஒரு சொல் செய்யும் சேதம் நமக்குப் புரிவதில்லை. தாயும் தந்தையும் சேர்ந்தவன்தானே அவன்? ஒருவரை இழிவாகப் பேசும்போது தன்னையே இழிந்தவனாக நினைத்துக்கொள்கிறான். பிறகு படிப்பு சரிகிறது, செல்போனோடு ஒதுங்குகிறான், எதிர்த்துப் பேசுகிறான். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் படைத் தளபதியாக நியமித்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் கூறுகின்றனர். மூத்த ஸஹாபாக்கள் இருக்க இந்தச் சிறுவரா என்று சிலர் குறை பேசினர். நபியவர்கள் மக்கள் முன்னிலையிலேயே பதில் சொன்னார்கள்: முன்பு இவருடைய தந்தையையும் இப்படித்தான் குறை சொன்னீர்கள்; அவரும் தலைமைக்குத் தகுதியானவர்தான், என் நேசத்திற்குரியவர்தான், மகனும் அப்படியே என்ற கருத்தில் புகாரியில் பதிவாகியுள்ளது. இங்கேயும் மகன் தந்தையோடுதான் ஒப்பிடப்படுகிறார். ஆனால் அந்த ஒப்பீடு அவரைத் தலை நிமிர வைத்தது.

இன்னொரு சம்பவம். நபியவர்களின் வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். தாம் அருந்திய பானத்தின் மீதத்தை முதலில் பெறும் உரிமை வலப்பக்கம் இருப்பவருக்கு. பெரியவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். உங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். பானம் அவர் கைக்கே வந்தது. நம் வீட்டு விருந்தில் ஒரு பையன் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது நமக்கே தெரியும்!

ஆகவே சண்டை இருக்கும் வீட்டிலும் பிள்ளையைத் தூதனாகவோ சாட்சியாகவோ நிறுத்தாதீர்கள். "அத்தா, இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று அவன் பணிவாகச் சொன்னால் அது பெற்றோரை நோவினை செய்வதாகாது. கரண்ட் பில் கட்டுவது, தம்பி தங்கைக்கு ஓதிக்கொடுப்பது என ஏதாவது ஒரு பொறுப்பை முழுதாக அவனிடம் விடுங்கள். பின்னாலேயே போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மருத்துவம் தேடுவது ஈமானின் குறைவல்ல. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. வீட்டில் அடி உதை என்றால், பிள்ளையே 1098-ஐ அழைக்கலாம்.